பிரசவ அறையில் மறைவு: திரை எங்கே, துணி எத்தனை, உள்ளே யார்?

செவ்வந்தி_ஸ்டாஃப்நர்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறையைச் சீரமைக்கும் வேலை தொடங்கியிருக்கிறது. இரண்டு லேபர் டேபிள், பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் ரேடியன்ட் வார்மர் ஒன்று, ஒரே வாசல், ஒட்டினாற்போல் ஒரு கழிப்பறை. டேபிள்களுக்கு நடுவில் இப்போது இருப்பது மூன்று மடிப்புச் சக்கர ஸ்கிரீன் ஒன்றுதான்.

ஸ்கிரீனை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறோம். ஒரு பெண் வலியோடு உள்ளே நுழைவதிலிருந்து வார்டுக்குப் போகும்வரை, எந்த நேரத்தில் உடம்பு எவ்வளவு திறந்திருக்கலாம், யார் பார்க்கலாம் என்று ஓர் ஒழுங்கு எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பயிற்சியில் "மறைவு கொடுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். எப்படிக் கொடுப்பது என்பதுதான் வேண்டும். அளவு, துணி, படி எல்லாமே சொல்லுங்கள்.

திரைக்கம்பி

சிஸ்டர், மருத்துவமனைக் கட்டட வேலை தெரிந்தவன் என்ற முறையில் திரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது டேபிளின் கால்மாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது. பல அறைகளில் ஆக்சிஜன் பாயின்ட்டும் சக்‌ஷனும் உள்சுவரில் இருப்பதால் தலைமாட்டை அங்கே வைத்துவிடுவார்கள். கால்மாடு நேராக வாசலைப் பார்க்கும். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரியும். டேபிளைத் திருப்ப முடிந்தால் திருப்பிவிடுங்கள், பக்கவாட்டாகப் போட்டாலும் போதும். முடியாவிட்டால் வாசலுக்கு உள்ளே நாலடி தள்ளி, கதவைவிட இருபுறமும் ஓரடி கூடுதலான அகலத்தில் நிரந்தரத் தடுப்பு ஒன்று வையுங்கள். ஸ்டிரெச்சர் திரும்ப இடம் இருக்கிறதா என்று தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்துவிட்டே ஆணி அடிக்க வேண்டும்.

சக்கர ஸ்கிரீன் வேண்டாம். மடிப்புக்கு மடிப்பு இடுக்கு இருக்கும். கால் தட்டிச் சாயும். கால்மாட்டில் நிற்பவர் பின்னால் ஓரடி நகர்ந்தாலே திறந்துகொள்ளும். கூரையிலிருந்து தொங்கும் தண்டவாளமே சரி. ஒவ்வொரு டேபிளுக்கும் மூன்று பக்கமும் சுற்றிவர வேண்டும், நடுவில் ஒரு கோடாகப் போட்டால் பாதிப் பயன்தான். கால்மாட்டுக்கும் திரைக்கும் இடையில் குறைந்தது நாலடி விடுங்கள். பிரசவம் பார்ப்பவர், உதவிக்கு ஒருவர், ட்ரே வைத்த ட்ராலி மூன்றும் திரைக்கு உள்ளே அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேலை நேரத்தில் முதலில் ஒதுக்கப்படுவது திரைதான்.

துணியின் அகலம் தண்டவாள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு. இரண்டு துண்டாக வந்து மூடும் இடத்தில் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். கீழே தரையிலிருந்து ஓரடி இடைவெளி விடுங்கள், தரை துடைக்கும்போது துணி நனையாது. மேலே ஒன்றரை அடிக்கு வலைத்துணி வைத்துத் தைத்தால் மின்விசிறிக் காற்றும் வெளிச்சமும் தடைபடாது.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. மெல்லிய வெளிர்நிறத் துணியாக இருந்து, இரவில் உள்ளே ஃபோகஸ் லைட் எரிந்தால், திரையே நிழல் காட்டும் சீலை ஆகிவிடும். வெளியே நிற்பவருக்கு அசைவெல்லாம் தெரியும். துணி வாங்கும் முன் பின்னால் டார்ச் அடித்துக் கை நிழல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம்.

கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், மயங்கி விழுந்தவரே கதவுக்கு முட்டாகிவிடுவார். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் நீக்க வழி இருக்க வேண்டும்.

பேறுகால_அக்கா

திரைக்கம்பி சொன்னது அத்தனையும் சரி. செவ்வந்தி, நான் துணியையும் கையையும் பற்றிச் சொல்கிறேன்.

உடுப்பு. சுடிதாரில் வரும் பெண்ணுக்குப் பேன்ட்டைக் கழற்றினால் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, டாப்ஸ் தொடைவரை ஏறிக்கொள்ளும். முன்பக்கம் இடுப்புவரை பட்டன் வைத்த தளர்வான நைட்டி, உள்ளே நாடா கட்டும் பாவாடை. இந்த இரண்டும் இருந்தால் முக்கால் பங்கு மறைவு கிடைத்துவிடும். குழந்தைத் துடிப்பு பார்க்கப் பட்டனை மட்டும் திறக்கலாம். பி.வி. (கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று உள்ளே விரல் வைத்துப் பார்ப்பது) பார்க்கப் பாவாடையை மட்டும் உயர்த்தலாம். பிறந்ததும் குழந்தையை மார்போடு போட மேல் பட்டன். ஒன்றுக்காக இன்னொன்றைத் திறக்க வேண்டியதில்லை. கை அகலமாக இருக்கட்டும். இறுக்கமான கையென்றால் டிரிப் போட்டபின் நைட்டி மாற்ற முடியாமல் ஒரு தோளையே திறந்து போட நேரும். பி.பி. பட்டை கட்டவும் முடியாது.

வலி தொடங்கிய நிலையில் உள்ளாடை அணிந்து பேடு வைத்துக்கொள்ளட்டும். வந்தவுடன் "எல்லாத்தையும் கழட்டிட்டு ஏறிப் படு" என்பது தேவையே இல்லாதது. அவள் இன்னும் பல மணி நேரம் நடக்கவும் உட்காரவும் வேண்டியவள்.

சவரம், எனிமா இரண்டும் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையிலேயே இருக்கிறது. தையல் போட முடி இடைஞ்சலாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் கத்தரித்தால் போதும்.

இனி பி.வி. பார்ப்பது. சுறுசுறுப்பான வலிக் கட்டத்தில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதே அந்தப் பரிந்துரையில் உள்ள இடைவெளி. ட்யூட்டி மாறும்போது வந்தவர் ஒரு முறை, டாக்டர் ஒரு முறை, மாணவி ஒரு முறை என்று கூடிப்போவதுதான் நடக்கிறது. பனிக்குடம் உடைந்தபின் கைபடக் கைபடக் கிருமி ஏறும் ஆபத்து கூடும். ஆக, எண்ணிக்கையைக் குறைப்பது கூச்சத்துக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது. முன்னவர் எழுதிய நேரத்தையும் அளவையும் படிக்காமல் கையுறை போடக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள்.

செய்முறை இப்படி. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். எதற்காகப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். ட்ரே, கையுறை, விளக்கு எல்லாம் தயாரானபின் திரையை மூடுங்கள். அவளைத் திறந்து வைத்துவிட்டுக் கையுறை தேடுவதுதான் மிகப் பெரிய தப்பு. பிறகு ஒரு சதுர விரிப்பைக் கோணலாக, ஒரு முனை மார்புப் பக்கம், ஒரு முனை கால்களுக்கு நடுவில், மற்ற இரண்டு முனைகள் இரு பக்கமும் வருமாறு போர்த்துங்கள். பக்க முனைகளை இரு பாதங்களிலும் சுற்றிவிடுங்கள். பாவாடையை அவளே விரிப்புக்கு அடியில் உயர்த்திக்கொள்ளட்டும். இதுவரை எதுவும் வெளியே தெரியாது. கையுறை போட்டபின் உதவிக்கு நிற்பவர் நடு முனையை மட்டும் வயிற்றின்மேல் மடித்துவிடுவார். வலி இல்லாத இடைவேளையில் பாருங்கள். அவள் "நிறுத்துங்க" என்றால் கையை அசைக்காமல் நிறுத்திக் கேளுங்கள். முடிந்ததும் துடைத்து, முனையைக் கீழே இறக்கி மூடிவிட்டு, அதன்பிறகு என்ன தெரிந்தது என்று அவளிடம் முதலில் சொல்லுங்கள். வாசலில் நிற்கும் மாமியாரிடம் முதலில் சொல்லாதீர்கள்.

திறந்திருக்கும் நேரம் ஒரு நிமிடம் வந்தாலே அதிகம்.

மகப்பேறு_மருத்துவர்

மேலே அக்கா எழுதிய படிகளை அப்படியே சட்டமிட்டு மாட்டலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. மறைவு என்ற பெயரில் இரத்தப்போக்கு மறைந்துவிடக் கூடாது. நம் ஊர்ப் பழக்கத்தில், பிரசவம் முடிந்ததும் அடர்நிறப் புடவையை மடித்து வைத்து, மேலே போர்வை போட்டு மூடிவிடுவார்கள். கருநீலத்திலும் மெரூனிலும் இரத்தம் தெரியாது. துணி அரை லிட்டரைக் குடித்துவிட்டு ஈரமாக மட்டும் இருக்கும். 500 மில்லிக்கு மேல் போனால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மிகை இரத்தப்போக்கு. அந்தப் பெண் கூச்சத்தால் "ஈரமா இருக்கு" என்றுகூடச் சொல்லமாட்டாள்.

எனவே மூடுங்கள், ஆனால் நேரம் வைத்துத் திறந்து பாருங்கள். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை: நாடி, பி.பி., கருப்பை கல்லுப்போல் இறுகியிருக்கிறதா, பேடில் எவ்வளவு. "அம்மா, கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை துணியை விலக்கிப் பார்ப்பேன், ரத்தம் பார்க்கத்தான்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் ஒவ்வொரு முறையும் அவள் திடுக்கிட மாட்டாள். வெள்ளைப் பேடு மட்டுமே வைக்க வேண்டும். புடவைத் துணி வேண்டாம்.

அளப்பதற்கு அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் உறை இருந்தால் இன்னும் நல்லது. இடுப்புக்கு அடியில் விரித்து, கால்மாட்டில் புனல்போலத் தொங்கும். கர்நாடகத்தில் பெல்காம் பகுதியில் இரத்தப்போக்கைத் தடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை பற்றி நடந்த ஆய்வுக்காக உருவாக்கிய உறை இந்த வகைதான். 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், உறையில் அளந்து கண்டதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கும் முறையால் கடுமையான இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்தது. நம் பேச்சுக்கு இதில் பயன் என்னவென்றால், தொடைக்கு மேலே போர்த்திவிட்டு, தொங்கும் உறையின் கோட்டை மட்டும் பார்த்தே அளவு சொல்லலாம். இரண்டும் ஒத்துப்போகின்றன.

கூச்சத்தால் வரும் இன்னொரு கேடு மூத்திரப்பை. மற்றவர் முன்னால் பெட்பேன் கேட்க வெட்கப்பட்டு அடக்கிக்கொள்வார்கள். நிரம்பிய பை தலை இறங்குவதைத் தடுக்கும். பிறந்தபின் கருப்பை சுருங்குவதையும் கெடுக்கும். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை நீங்களே கூட்டிப் போங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

செவ்வந்தி_ஸ்டாஃப்நர்ஸ்

மிக்க நன்றி. மேடம், தலை தெரியும் நேரத்தில் எப்படி? முக்கும்போது கால்களைத் தாங்கியில் மாட்டிவிட்டால் விரிப்பு வழுக்கி விழுந்துவிடுகிறது. சிலர் "இந்த நேரத்தில் துணி எதற்கு, குழந்தை வருகிறதா என்று பார்க்க வேண்டாமா" என்கிறார்கள்.

மகப்பேறு_மருத்துவர்

பார்க்க வேண்டிய இடம் ஓர் உள்ளங்கை அகலம். அதைப் பார்க்க இரண்டு தொடையும் வயிறும் திறந்திருக்க வேண்டியதில்லை.

காலுறை தைத்துக்கொள்ளுங்கள். தொடை நடுவரை வரும் நீளத் துணிப்பை, மேலே நாடா. காலுக்கு ஒன்று. அது வழுக்காது. வயிற்றின்மேல் ஒரு சிறு விரிப்பு. தாங்கியில் கால் மாட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், கருப்பை வாய் முழுதாகத் திறந்தவுடனேயே மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே கிடத்தாதீர்கள். சுகப்பிரசவத்துக்குத் தாங்கியே கட்டாயமில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மேல்காலை உடன் இருப்பவர் தாங்கிப் பிடித்தால் பிறப்பு வாயில் நன்றாகத் தெரியும், முன்பக்கம் முழுக்க மூடியே இருக்கும். கூச்சம் அதிகமுள்ள பெண்ணுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த நிலையைத்தான்.

துடிப்பு கேட்பது முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. டாப்ளர் கருவிக்கு நைட்டியில் ஒரு பட்டன் போதும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் தசையில் போட வேண்டும், அதற்குத் தொடையின் வெளிப்பக்கத்தை மட்டும் காலுறையின் விளிம்பிலிருந்து விலக்கினால் போதும்.

முக்கும்போது மலம் வருவது இயல்பு. அதற்குப் பயந்தே பல பெண்கள் முக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். "வந்தால் வரட்டும், அது நல்ல அறிகுறி, நான் துடைச்சிடுறேன்" என்று முன்னமே சொல்லுங்கள். வந்தால் வாய் திறக்காமல், முன்னிருந்து பின்னாகக் காஸ் துணியால் ஒரே இழுப்பில் எடுத்து மடித்துப் போடுங்கள். முகம் சுளித்தால் அடுத்த முக்கலே வராது.

ஆயத்த_நிலை

நல்ல அறிவுரைகள்தான். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. தோள் சிக்கிக்கொண்டால், நஞ்சுக்கொடி வராமல் இரத்தம் கொட்டினால், காலுறையும் திரையும் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? உயிர் முக்கியமா, துணி முக்கியமா? அந்த நேரத்தில் ஐந்தாறு பேர் உள்ளே வரத்தான் செய்வார்கள்.

பேறுகால_அக்கா

கேள்வி நியாயமானது, தம்பி. தோள் சிக்கினால் இரண்டு பேர் இரு தொடையையும் வயிற்றை நோக்கி மடக்க வேண்டும், ஒருவர் பூப்பெலும்புக்கு மேலே அழுத்த வேண்டும். துணியைத் தூக்கி எறிந்துவிட்டு அதைத்தான் செய்ய வேண்டும். சந்தேகமில்லை.

ஆனால் அந்த அறையில் கை கொடுப்பவர் எத்தனை பேர், எட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். தொடைக்கு இருவர், வயிற்றுக்கு ஒருவர், பிரசவம் பார்ப்பவர் ஒருவர், குழந்தைக்கு ஒருவர், மருந்து எடுக்கவும் நேரம் எழுதவும் ஒருவர். வேலை இல்லாத ஏழாவது ஆள் கதவுக்கு வெளியே போய் நின்று வேறு யாரையும் விடாமல் காவல் இருக்கட்டும். அதுவும் ஒரு வேலை என்று பயிற்சியிலேயே பெயர் சொல்லி ஒதுக்குங்கள். மார்பின்மேல் ஒரு துணி எந்த அவசரத்துக்கும் தடையாகாது. ஆபத்து தீர்ந்த அடுத்த நொடி போர்த்திவிட வேண்டும். அவசரம் முடிந்து கால் மணி நேரம் ஆகியும் அவள் அப்படியே கிடப்பதற்கு எந்தக் காரணமும் சொல்ல முடியாது.

மகப்பேறு_மருத்துவர்

ஒப்புக்கொள்கிறேன். ஒன்று சேர்க்கிறேன்: அதிக நேரம் திறந்திருப்பது அவசரத்தில் இல்லை, தையலில்தான். பளீர் வெளிச்சத்தில் 20 முதல் 40 நிமிடம்வரை ஆகும். அந்த நேரத்தில்தான் அறை சுத்தம் செய்ய ஆள் வருவதும், பிறப்புப் பதிவேட்டுக்குக் கையெழுத்து கேட்பதும், இனிப்போடு உறவினர் எட்டிப் பார்ப்பதும் நடக்கிறது. தையல் முடியும்வரை திரைக்குள் வேறு எந்த வேலையும் கிடையாது என்று விதி வையுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டபின் இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்கும்போது விளக்கை அணைத்து மூடிவையுங்கள். அப்போது குழந்தை தாயின் மார்பில் தோலோடு தோலாக இருக்கும், முதல் ஒரு மணி நேரம் பிரிக்காமல். இருவர்மேலும் சேர்த்து உலர்ந்த துணி. இதில் மறைவும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. அறை வெப்பம் 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. பிரசவத்துக்குப்பின் வரும் நடுக்கத்தோடு தாயைத் திறந்து கிடத்துவது கொடுமை.

ஊர்நர்ஸ்_வாசுகி

கிராம சுகாதாரச் செவிலியர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன் அக்கா. பாதி வேலை எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே முடியும். என்ன உடுப்பு கொண்டுவருவது, பி.வி. என்றால் என்ன, எத்தனை முறை பார்ப்பார்கள், யாரைத் துணைக்கு அழைத்து வரலாம் என்று அப்போதே சொல்லிவிட வேண்டும். வலி வந்தபின் சொன்னால் காதில் ஏறாது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை 2004-லிருந்தே உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் நாடு முழுவதற்கும் 2016-இல் சொன்னது. அதிலுள்ள நிபந்தனைகள்: துணை வருபவர் பெண் உறவினர், முடிந்தவரை தானும் பிள்ளை பெற்றவர், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை, கடைசிவரை கூடவே இருக்க வேண்டும், ஊழியர் வேலையில் தலையிடக் கூடாது, அறையில் உள்ள மற்ற பெண்களைக் கவனிக்கப் போகக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை மறைவுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. அடுத்த டேபிள் பெண்ணின் கதை மறுநாள் ஊருக்குள் போவது இப்படித்தான். மறைவு ஏற்பாடு சரியாக உள்ள இடத்தில் கணவரையும் விடலாம் என்று அதிலேயே இருக்கிறது. அதாவது, உங்கள் அறையில் கணவர் வரமுடியுமா என்பதைத் தீர்மானிப்பது திரைதான்.

துணை யார் என்பதை அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். அம்மா, மாமியார் இருவரும் வந்து நின்றால் அவள் வாயால் சொல்லமாட்டாள். முன்னமே அட்டையில் குறித்து வைத்தால் அன்றைக்குச் சண்டை வராது. துணைக்கு வருபவரைத் தலைமாட்டில் நிறுத்துங்கள். அவர் வேலை கையைப் பிடிப்பது, தண்ணீர் கொடுப்பது, இடுப்பைத் தடவிவிடுவது. கால்மாட்டுக்கு வரத் தேவையில்லை.

முஸ்லிம் பெண்கள் தலைத்துணியை எடுக்க வேண்டியதே இல்லை, சுகப்பிரசவத்தில் அது எதற்கும் இடைஞ்சல் அல்ல. பின் குத்தாத, இழுத்துப் போடும் துணி போதும். ஆபரேஷன் என்றால் அறுவை அறைத் தொப்பிக்கு உள்ளேயே காதும் கழுத்தும் மூடுமாறு சுத்தமான துணி கட்டிக்கொள்ளலாம், மயக்க மருத்துவரிடம் முன்னமே சொல்லிவிட வேண்டும். தாலியும் அப்படித்தான். சுகப்பிரசவத்துக்குக் கழற்றச் சொல்லக் காரணமில்லை. ஆபரேஷனில் மின்கருவி பயன்படுவதால் உலோகத்தைக் கழற்றச் சொல்வார்கள், மஞ்சள் கயிறு மட்டும் இருக்கலாம்.

செவ்வந்தி_ஸ்டாஃப்நர்ஸ்

ஆண் டாக்டர் ட்யூட்டியில் இருந்தால்? பயிற்சி மாணவிகளும் வருகிறார்கள்.

மகப்பேறு_மருத்துவர்

ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்திலேயே உள்ள உரிமை இது. "சிஸ்டர் பக்கத்து வார்டில் இருக்கிறார்" என்பது உடனிருப்பது ஆகாது. திரைக்குள், தலைமாட்டில் நிற்க வேண்டும். யார் நின்றார் என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதுங்கள். செவிலியரே பி.வி. பார்த்து அளவு சொல்ல, மருத்துவர் அதைக் கொண்டு முடிவெடுப்பது சாதாரணப் பிரசவங்களில் போதுமானது. மருத்துவரே பார்த்தாக வேண்டிய நிலை என்றால் ஏன் என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

மாணவிகள் விஷயத்தில், வலி தாங்க முடியாத நேரத்தில், கால் மடக்கிய நிலையில் கேட்கும் சம்மதத்துக்கு மதிப்பில்லை. அட்மிஷனில், உட்கார்ந்து பேசும்போது, தனியாகக் கேளுங்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு மாணவி, தொடக்கம் முதல் முடிவுவரை. ஆறு பேர் ஆறு பெண்ணை ஒரு நிமிடம் பார்ப்பதைவிட, ஒரு மாணவி ஒரு பெண்ணோடு எட்டு மணி நேரம் இருந்தால் அதிகம் கற்றுக்கொள்வாள். முடியாது என்று சொன்ன பெண்ணிடம் இரண்டாம் முறை கேட்கக் கூடாது.

பதிவேடு

கண்ணுக்கு மட்டும் திரை போட்டால் போதாது, காதுக்கும் வேண்டும். துணித்திரை சத்தத்தை மறைக்காது. வயது, எத்தனையாவது பிரசவம், முன்பு கருக்கலைப்பு நடந்ததா என்பதையெல்லாம் டேபிளில் வைத்துக் கேட்காதீர்கள், வேறொரு அறையில் வரலாறு எழுதி முடித்துவிட்டு உள்ளே அனுப்புங்கள். ட்யூட்டி ஒப்படைக்கும்போது கேஸ் ஷீட்டைக் காட்டிப் பேசுங்கள்.

எச்.ஐ.வி. முடிவைக் கேஸ் ஷீட்டின் அட்டையில் சிவப்பு மையில் எழுதுவது, படுக்கைக்கு மேலே ஸ்டிக்கர் ஒட்டுவது, தனி டேபிள் போடுவது மூன்றும் தவறு. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் சம்மதமில்லாமல் வெளிப்படுத்துவதைத் தடுக்கிறது. ஸ்டிக்கரால் ஊழியருக்குப் பாதுகாப்பும் அதிகமாகாது. எல்லாப் பிரசவத்துக்கும் ஒரே மாதிரி இரட்டைக் கையுறை, ஏப்ரன், கண்ணாடி என்று இருந்தால் யாருக்கு என்ன என்று வெளியே தெரிய வேண்டிய தேவையே எழாது. துணைக்கு வந்த மாமியாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை. மருந்து கொடுக்கும்போது பெயர் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

சிசிடிவி வராந்தா வாசலைப் பார்க்கட்டும், பிரசவ அறைக்குள் வேண்டாம். செல்போனுக்கு வாசலிலேயே ஒரு பெட்டி. குழந்தையைப் படம் எடுக்க ஆசைப்படுவார்கள். தாயைத் துடைத்து, உடை மாற்றி, திரைக்கு வெளியே வந்தபின், அவள் சரி என்றால் எடுக்கட்டும். பின்னணியில் அடுத்த டேபிள் விழக் கூடாது.

திரைக்கம்பி

சத்தத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். பணம் இருந்தால் டேபிள்களுக்கு நடுவில் ஏழடி உயரத்தில் நிரந்தரத் தடுப்பு எழுப்பிவிட்டு, கால்மாட்டில் மட்டும் திரை போடுங்கள். கழுவக்கூடிய பரப்பாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஓர் அறை என்ற அமைப்பை, வலி, பிரசவம், ஓய்வு மூன்றும் ஒரே படுக்கையில் நடக்கும் வகையில், 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய, பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்தும் லக்‌ஷ்யா திட்டம் வலியுறுத்துகிறது. உங்கள் சீரமைப்புக்கு அந்த வழிகாட்டுதலைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள்.

தியேட்டர்_டெக்னீசியன்

ஆபரேஷனுக்கு மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் பெண்களுக்காக ஒரு வார்த்தை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது பின்பக்கம் திறந்த கவுனோடு அனுப்பாதீர்கள். பாவாடையும் விரிப்பும் இருக்கட்டும். முதுகில் ஊசி போடும்போது முதுகு மட்டும் திறந்தால் போதும், முன்பக்கம் விரிப்பை மடியில் சுற்றி அவள் கையில் கொடுத்துவிடலாம். சிறுநீர்க் குழாயை மரத்துப்போன பிறகு போட்டால் வலி இருக்காது. ஆனால் தியேட்டரில் ஆட்கள் அதிகம் என்பதால், பெண் செவிலியர் போடுவதும், போட்டு முடியும்வரை மற்றவர் தலைமாட்டுப் பக்கம் நிற்பதும் ஒழுங்காக வேண்டும். மருந்து தடவித் துணி போர்த்தும்வரை வயிற்றுக்குக் கீழே மூடி வையுங்கள், எல்லாரும் வந்து கை கழுவும்வரை திறந்து போட வேண்டாம்.

செவ்வந்தி_ஸ்டாஃப்நர்ஸ்

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒன்று. ஒரு பிரசவத்துக்கு எத்தனை துணி தேவைப்படும்? ஸ்டோரில் கேட்டு இண்டென்ட் எழுத வேண்டும்.

பேறுகால_அக்கா

ஒருவருக்கு இப்படி வை: முன் பட்டன் நைட்டி 2, பாவாடை 2, கோணலாகப் போர்த்தும் சதுர விரிப்பு 2 (ஐந்தடிக்கு ஐந்தடி), காலுறை ஒரு ஜோடி, வயிற்று விரிப்பு 1, கனமான போர்வை 1, குழந்தைக்கு உலர்ந்த துணி 2. பேடு தனி.

மாதப் பிரசவ எண்ணிக்கையை 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு எத்தனை என்று தெரியும். துவைத்து, காய்ந்து, ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கித் திரும்ப மூன்று நாள் பிடிக்கும் என்று வைத்து மூன்றால் பெருக்கு, மழைக்காலத்துக்கு நான்கு. அதன்மேல் இரண்டு செட் கூடுதல். காலுறையும் வயிற்று விரிப்பும் பிரசவ செட்டோடு சேர்ந்தே டிரம்மில் போகட்டும். தனியாக அலமாரியில் வைத்தால் இரவு ட்யூட்டியில் யாரும் தேடி எடுக்கமாட்டார்கள். நைட்டியும் பாவாடையும் அட்மிஷன் மேசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

திரைக்கும் ஒரு மாற்று செட் வாங்க மறக்காதே. ஒரு செட் சலவைக்குப் போன அன்றைக்குத்தான் இரண்டு பேரும் ஒன்றாக வருவார்கள்.